தெற்கு மதகின் முள்ளம்பன்றி

பெரிய ஏரி ஒன்றின் நடுவே நீளமான திடல் இருந்தது. மழை ஓய்ந்து, தண்ணீர் மேற்கே ஒதுங்கும் காலத்தில்தான் அது வெளியே தெரியும். தரை கெட்டியாகவும் ஒரே மட்டமாகவும் இருக்கும். குளிர்காலம் தொடங்கியதும், வடக்கே பனிமலைகளைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அந்தத் திடலில்தான் வந்து இறங்கும்.

அவை கொக்கைப் போல மெதுவாக வந்து உட்காருகிற பறவைகள் அல்ல. உடம்பு கனம். வந்த தூரமும் அதிகம். சிறகை விரித்து, காலை முன்னே நீட்டி, தரையில் ஓடி ஓடித்தான் நிற்கும். நின்ற பிறகும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். உடனே எழும்பிப் பறக்க முடியாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு நரி கூட்டத்துக்குள் புகுந்துவிட்டால் போதும். மலையைத் தாண்டி வந்த வாத்து, தரையில் கோழிக்குஞ்சுக்குச் சமம் ஆகிவிடும்.

அதனால் அந்தத் திடலுக்கு ஒரு காவல் படை இருந்தது. படையில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பறக்கத் தெரியாது. ஆனால் பறப்பவர்கள் தங்களை நம்பித்தான் கால் வைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெருமையில் அவர்கள் வயிறு நிறைந்துவிடும்.

படையில் எல்லாரும் எல்லா வேலையும் செய்வதில்லை. அவரவருக்கு ஒரு வேலை, ஒரு திசை.

திடலின் நடுவில் இருந்த கல்மேட்டில் ஆட்காட்டிப் பறவை விழிச்சி நிற்பாள். ஒற்றைக் காலில் நின்று தூங்குவது போலத் தோன்றும். ஆனால் தூரத்தில் ஒரு புல் காற்றுக்கு எதிராகச் சாய்ந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தின் பேரைச் சொல்லிக் கத்துவாள். படைக்குத் தலைவியும் அவள்தான்.

பெருச்சாளி மண்ணாங்கட்டிக்குத் தரையைப் பார்க்கும் வேலை. வாத்துகள் வருகிற நாளில் அவன் திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டே போவான். நண்டு வளை இருந்தால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஏறி மிதிப்பான். கருவேல முள் கிடந்தால் கவ்விக்கொண்டு போய் ஓரத்தில் போடுவான். ஓடுகிற வாத்தின் கால் ஒரு வளையில் மாட்டினால் முறிந்துவிடும். பின்னால் வருகிற வாத்துகள் அதன் மேல் விழும். 'தரை நல்ல தரை' என்று மண்ணாங்கட்டி சொன்ன பிறகுதான் விழிச்சி மேலே பறந்து வாத்துகளுக்குக் குரல் கொடுப்பாள்.

மேற்கே தண்ணீர். அங்கே தவளைகள் காவல். அவை கத்திக்கொண்டிருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். சேற்றில் யாராவது கால் வைத்தால் அந்த இடத்துத் தவளைகள் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். எந்த இடத்தில் சத்தம் நின்றதோ, அங்கே எதிரி நிற்கிறான். கிழக்கே கருவேல முட்காடு. அதில் குளவிகள் கூடு கட்டியிருந்தன. குளவிகளின் காவலைப் பற்றி நான் சொல்வதைவிட, மூக்கு வீங்கித் திரும்பிய நரிகளைக் கேட்பதே நல்லது.

வடக்கே நாணல்காடு. நரிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். அங்கே கீரிப்படை நின்றது. அதன் முன்னால் நிற்பவன் செவலை என்ற கீரி. சத்தம் கேட்டால் ஓடிப் பாய்கிற உரிமை படையிலேயே கீரிகளுக்கு மட்டும்தான் உண்டு. மற்றவர்களுக்கு ஒரே கட்டளை: சத்தம் எந்தப் பக்கம் கேட்டாலும் உன் பக்கத்தை மட்டும் பார்.

தெற்கே உயரமான ஏரிக்கரை. கரைமேல் ஏறுகிற நரி விழிச்சியின் கண்ணில் பட்டுவிடும். ஆனால் கரையின் அடியில் ஒரு பழைய மதகு இருந்தது. ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் போன வழி. இப்போது தண்ணீர் போவதில்லை. ஒரு நரி குனிந்து நுழையலாம். அவ்வளவு அகலத்தில் கல் கட்டிய இருட்டு வழி மட்டும் மிச்சம். அதன் வாய், வாத்துகள் ஓடி வந்து நிற்கிற இடத்துக்கு நேரே திறந்தது. அந்த மதகுக்குள் நிற்பவன் முள்ளம்பன்றி ஊசிமுத்து. அவன் முள்ளை விரித்தால் சீசாவுக்கு மூடி போட்டது போல மதகு அடைபட்டுவிடும்.

ஊசிமுத்துவுக்கு மனசில் ஒரு குறை இருந்தது.

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் படை கல்மேட்டைச் சுற்றிக் கூடும். கீரிகள் கதை சொல்லும். எந்த நரி எப்படிப் பாய்ந்தது, யார் அதன் காலுக்கடியில் புகுந்து கடித்தது, அது எப்படி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது என்று நடித்தே காட்டும். செவலை சொன்னால் விழிச்சிக்கே சிரிப்பு வந்துவிடும். கடைசியில் யாராவது ஒரு கீரி திரும்பிப் பார்த்து, "நம்ம மாப்பிள்ளை என்ன பண்ணினார்?" என்று கேட்கும். மணையில் உட்கார்ந்த மாப்பிள்ளை போல இருந்த இடத்தைவிட்டு நகராதவன் என்று அவனுக்கு அந்தப் பேர்.

"மதகைப் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்பான் ஊசிமுத்து.

"யாராச்சும் வந்தாங்களா?"

"ஒரு ஓணான் வந்துச்சு."

"அடேயப்பா. சண்டை போட்டீங்களா?"

"இல்லை. வழி தெரியாம வந்துடுச்சு. திருப்பி அனுப்பிட்டேன்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஊசிமுத்துவும் சிரிப்பான். ஆனால் அன்று அவனுக்குக் கிழங்கு இறங்காது.

செவலை மட்டும் அவனைக் கேலி செய்வதில்லை. முள் குத்துமே என்று பயப்படாமல் ஊசிமுத்துவின் பக்கத்தில் ஒட்டி உட்காருபவன் படையிலேயே அவன் ஒருவன்தான். மற்றவர்கள் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். அது அவர்கள் தப்பு இல்லை. ஆனாலும் ஒட்டி உட்காருகிற ஒருவன் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று தள்ளி வைக்கப்பட்டவனுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் ஊசிமுத்து துணிந்து விழிச்சியிடம் போய், தன்னையும் வடக்கே அனுப்பச் சொன்னான். மூன்று குளிர்காலமாக மதகில் நிற்பதையும், ஒரு நரியின் மூக்கைக்கூட அங்கே பார்த்ததில்லை என்பதையும் எடுத்துச் சொன்னான். சண்டையே வராத இடத்துக்குக் காவல் எதற்கு என்று கேட்டான்.

விழிச்சி காலை மாற்றி நின்றாள். "அங்கே ஏன் சண்டை வரலைன்னு யோசிச்சுப் பாத்தியா?" என்றாள்.

"எதிரி வரலை. அதான்."

"எதிரி ஏன் வரலை?"

ஊசிமுத்து வாயைத் திறப்பதற்குள் தூரத்தில் ஏதோ அசைந்தது. அவள் கண் அங்கே போய்விட்டது. அவன் முணுமுணுத்துக்கொண்டே மதகுக்குத் திரும்பினான்.

அசைந்தது நரி சாம்பையன்.

சாம்பையன் அந்தப் பக்கத்து நரிகளுக்குப் பெரியவன். நாணல்காட்டில் பலமுறை கடிபட்டவன். கடிபட்டுக் கடிபட்டு அவனுக்குப் பொறுமை வந்திருந்தது. ஏரிக்கு அப்பால் ஒரு புதரில் படுத்துக்கொண்டு, மாலைதோறும் திடலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று எல்லாவற்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டான்.

பிறகு தன் கூட்டத்தைக் கூப்பிட்டான். "இத்தனை நாளா இவங்க பல்லை உடைக்கத்தான் பாத்தோம். அது முடியாது. இவங்க ஒருத்தர்மேல ஒருத்தர் வச்சிருக்கிற பாசம் இருக்கே, அதுதான் இதுல கதவு. அதைத் தள்ளினாத் திறந்துக்கும்" என்றான்.

அவன் சொன்ன திட்டம் இது. முதல் வாத்துக் கூட்டம் வருகிற மாலையில் மற்ற நரிகள் எல்லாம் நாணல் பக்கம் பாய வேண்டும். செவலையைப் பிடிக்க வேண்டும். ஆனால் கொல்லக் கூடாது. அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலற அலறக் கடிக்க வேண்டும். அந்த அலறல் மதகுக்குக் கேட்டால் முள்ளம்பன்றி நிற்க மாட்டான். அவன் போனதும், சாம்பையனும் அவனுடைய முரட்டுத் தம்பிகள் இருவரும் மதகு வழியாக நுழைந்துவிடுவார்கள்.

"அவனுக்கு நம்ம வாடை தெரிஞ்சுடாதா?" என்று ஒரு தம்பி கேட்டான்.

"அவன் உள்ளே நிக்கிற வரைக்கும் மதகுல காத்தே போகாதுடா. காத்து போகாத இடத்துக்கு வாடை எப்படிப் போகும்?" என்றான் சாம்பையன். நரிகள் அவன் புத்தியை மெச்சின.

அந்த மாலையும் வந்தது. வடக்கு வானத்தில் கோடு கிழித்தது போல ஒரு வரிசை தெரிந்தது. முதல் கூட்டம். விழிச்சி பார்த்துச் சொன்னதும் திடல் முழுவதும் ஒரு விறைப்பு வந்தது. தவளைகள் குரலைச் சீர் செய்துகொண்டன. கீரிகள் நாணல் ஓரத்தில் வரிசை கட்டின. மண்ணாங்கட்டி வடக்கு முனையில் தொடங்கி, மூக்கால் தடவிக்கொண்டே வந்தான். தெற்கு முனையில் கொஞ்ச தூரம்தான் பாக்கி. ஊசிமுத்து மதகுக்குள் நுழைந்து, தெற்கே முகத்தை வைத்து, முள்ளை விரித்து நின்றான். முன்னால் இருட்டு. இருட்டுக்கு அப்பால் வறண்ட வாய்க்காலின் ஒரு துண்டு வெளிச்சம். அங்கே வழக்கம்போல ஒன்றும் இல்லை.

"வடக்கு! வடக்கு!" என்று விழிச்சி கத்தினாள்.

நாணல் முறிகிற சத்தம் கேட்டது. கீரிகளின் சீறலும் நரிகளின் உறுமலும் கலந்து கேட்டன. இவ்வளவு பெரிய சண்டையை ஊசிமுத்து இதற்கு முன் கேட்டதில்லை. அவன் கால் தரையைப் பிறாண்டியது. ஆனாலும் முகத்தைத் திருப்பாமல் நின்றான்.

அப்போது செவலையின் அலறல் கேட்டது.

சண்டைச் சீறல் வேறு, அலறல் வேறு. தோழனின் குரல் எப்படி இருந்தாலும் தோழனுக்குத் தெரியும். ஊசிமுத்துவின் முள்ளெல்லாம் சிலிர்த்தது. அலறல் மறுபடியும் கேட்டது. மறுபடியும்.

மண்ணாங்கட்டி வேலையை அப்படியே போட்டுவிட்டு மதகு வாயிலுக்கு ஓடி வந்தான். அவனுக்கு மூச்சு இரைத்தது.

"அண்ணே, செவலையைப் பிடிச்சுட்டாங்க. காலைக் கவ்விக்கிட்டு விட மாட்டேங்கறாங்க. கீரிங்க பாய்ஞ்சு பாய்ஞ்சு பாக்குதுங்க, கிட்டயே போக முடியலை. உங்க முள்ளு அங்க போனா ஒரு நரி நிக்காது. வாங்கண்ணே."

"என் இடம் இது" என்றான் ஊசிமுத்து. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"இங்க யாருண்ணே இருக்கா? மூணு வருஷமா ஒரு ஓணான்தானே வந்துச்சு? அங்க அவன் செத்துக்கிட்டிருக்கான்."

அலறல் இன்னொரு முறை கேட்டது. ஊசிமுத்து கட்டளையை மறந்தான். விழிச்சியை மறந்தான். முள்ளைச் சுருக்கிக்கொண்டு, திரும்பி, மதகை விட்டு வெளியே வந்தான். மண்ணாங்கட்டி முன்னால் ஓட, அவன் பின்னால் ஓடினான்.

மதகு வாயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பான். முதுகில் சில்லென்று ஏதோ பட்டது.

காற்று.

மூன்று குளிர்காலமாகக் காவல் நேரத்தில் அவன் உடம்பே மூடியாக இருந்ததால் அந்த வழியில் காற்று வந்ததில்லை. மூடி நகர்ந்ததும், அடைபட்டிருந்த தெற்குக் காற்று மதகுக்குள் புகுந்து, அவன் முள்களுக்கு நடுவே ஊதியது. அந்தக் காற்றில் ஈர மண் வாடை இருந்தது. காய்ந்த இலை வாடை இருந்தது. அதோடு நரி வாடையும் இருந்தது. ஒரு நரியின் வாடை அல்ல. அதுவும் மிகப் பக்கத்தில்.

ஊசிமுத்துவுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. நரிகள் இவ்வளவு நேரமும் வாய்க்கால் ஓரத்தில் படுத்துக் கிடந்திருக்கின்றன. அவன் போகட்டும் என்றுதான் காத்திருந்திருக்கின்றன. இத்தனை நாள் யாரும் வராததற்கும் அவன் அங்கே நின்றதுதான் காரணம். செவலையின் அலறல் தன்னை இழுக்கப் போட்ட தூண்டில். ஆனால் அந்த அலறல் பொய் இல்லை. தோழன் அங்கே நிஜமாகவே துடிக்கிறான்.

வானத்தில் வாத்துகள் தாழ்ந்துவிட்டன. அவற்றின் கழுத்து வளைவுகூடத் தெரிந்தது.

"மண்ணாங்கட்டி, தரையை முடி" என்றான் ஊசிமுத்து.

"அண்ணே, செவலை..."

"போய்த் தரையை முடிடா."

திரும்ப நேரம் இல்லை. ஆனால் முள்ளம்பன்றி திரும்ப வேண்டியது இல்லை. மற்ற மிருகங்கள் முன்னால் பாயும். முள்ளம்பன்றி பின்னால் பாயும். ஊசிமுத்து முள்ளை விரித்து, வால் முள்ளைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு, பின்னங்காலை முன்வைத்து அம்பு போல மதகுக்குள் போனான்.

சாம்பையன் அப்போது பாதி வழி வந்திருந்தான். இருட்டில், தன்னை நோக்கி என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அவன் மூக்கில் மூன்று முள் இறங்கியிருந்தது. அவன் ஊளையிட்டுப் பின்னால் சரிந்தான். பின்னால் வந்த தம்பிகள் அவன் மேல் மோதினார்கள்.

மதகு மறுபடியும் அடைபட்டது. காற்று நின்றது.

கொஞ்ச நேரம் உறுமலும் பிறாண்டலும்தான் கேட்டன. எந்தப் பக்கமாக வாயை வைத்தாலும் முள். பிறகு சாம்பையன் குரலை மாற்றிக்கொண்டான். அடிபட்ட நரிக்குத்தான் நன்றாகப் பேச வரும்.

"ஊசிமுத்து, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்லையா? வீரன்னா மூஞ்சியக் காட்டு."

"எங்க குலத்துல முதுகுதான் மூஞ்சி. நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லி ஊசிமுத்து ஓர் அடி பின்னால் தள்ளினான். ஒரு தம்பி கத்தினான்.

"சரி, சண்டை வேணாம். ஒரு பேச்சு பேசிக்குவோம். எனக்கு ஒரே ஒரு வாத்து போதும். இத்தனை வருது, ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியும்? நீ கொஞ்சம் ஒதுங்கிக்கோ. நான் இங்கேருந்து ஒரு குரல் குடுத்தா, அங்கே உன் செவலையை விட்டுடுவாங்க. உயிரோட."

அந்தப் பேரத்தில் பொய் இல்லை என்று ஊசிமுத்துவுக்குத் தோன்றியது. அதுதான் கஷ்டம். வெளியே செவலையின் அலறல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஒதுங்கினால் போதும். அந்தக் குரல் நின்றுவிடும்.

கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "நம்பி வர்றவங்களைக் குடுத்துட்டு அவனை மீட்டேன்னு வச்சுக்கோ. அப்புறம் அவன் என் பக்கத்துல உக்கார மாட்டான்."

அப்போது அலறல் நின்றது. பாதியில் வெட்டியது போல நின்றது.

"கேட்டுச்சா?" என்றான் சாம்பையன். "இனிமே நீ யாருக்காக நிக்கிறே?"

ஊசிமுத்துவின் கண்ணில் நீர் முட்டியது. அவன் முள்ளை இன்னும் அகலமாக விரித்தான். அவ்வளவுதான் அவன் சொன்ன பதில்.

மதகு வாய் வழியே திடல் தெரிந்தது. மண்ணாங்கட்டி அழுதுகொண்டே கடைசி நண்டு வளையை மிதித்து மூடிக்கொண்டிருந்தான். மூடி முடித்துப் பின்னங்காலில் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினான்: "தரை நல்ல தரை!"

விழிச்சி மேலே பறந்தாள்.

பிறகு வாத்துகள் இறங்கின.

படையில் யாருமே அதுவரை வாத்துகள் இறங்குவதைப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? வாத்துகள் இறங்குகிற நேரத்தில் காவலர் எல்லாருடைய கண்ணும் வெளியேதான் இருக்கும். விழிச்சிகூட நான்கு திசையைப் பார்ப்பாளே தவிர நடுவே பார்க்க மாட்டாள். மண்ணாங்கட்டியோ அதற்குள் வளைக்குள் ஒதுங்கியிருப்பான். இப்போது எதிரி பின்னால் இருந்ததால், முள்ளம்பன்றியின் முகம் திடலைப் பார்த்து இருந்தது. முதல்முறையாகக் காவலன் ஒருவன் அதைப் பார்த்தான்.

சாய்ந்த வெயிலில் அவை பெரிய வளையமாக ஒரு சுற்று வந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. முன்னால் வந்தது ஒரு கிழ வாத்து. அதன் சிறகுகள் வில் போல வளைந்தன. கால்கள் முன்னே நீண்டன. தரையைத் தொட்டதும் புழுதி சிறு மேகமாக எழும்பியது. தட் தட் என்று ஓடி, ஓடி, வேகம் குறைந்து, மதகு வாயிலுக்கு வெகு பக்கத்தில் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. ஒரு குஞ்சு வாத்து தடுமாறி, மார்பு தரையில் பட விழுந்து, எழுந்து நின்றது. அதன் கால் எந்த வளையிலும் மாட்டவில்லை. எல்லா வாத்துகளும் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஒரு நரி எட்டிப் பாய்ந்தால் போதும். அந்த நரி ஊசிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கேயே இருந்தது.

வாத்துகள் மூச்சு தெளிந்து, தத்தித் தத்தி ஆழத் தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தன. இனி யாராலும் அவற்றைத் தொட முடியாது. தண்ணீர் சலசலத்த சத்தத்தில் சாம்பையனுக்கும் அது தெரிந்தது. மூக்கில் முள்ளோடு, தம்பிகளைத் திட்டிக்கொண்டே, வந்த வழியே போனான். வாய்க்காலில் நின்று அவன் ஊளையிட்டதும் நாணலில் இருந்த நரிகளும் பின்வாங்கி ஓடின.

ஊசிமுத்து விழிச்சியின் குரலுக்காகக் காத்திருந்தான். 'எல்லாம் சரி' என்ற குரல் வந்த பிறகே மதகைவிட்டு வெளியே வந்தான். பிறகு ஓடினான்.

செவலை நாணல் ஓரத்தில் கிடந்தான். பின்னங்கால் கிழிந்திருந்தது. காது ஒன்று பாதிதான் இருந்தது. சுற்றிலும் கீரிகள். உயிர் இருந்தது.

ஊசிமுத்து தள்ளியே நின்றான். கிட்டப் போக அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "நீ கத்தினது கேட்டுச்சு. நான் வரலை" என்றான். பிறகு அதுவும் முழு உண்மை இல்லை என்று நினைத்து, எல்லார் முன்னாலும் சொன்னான்: "மதகை விட்டுட்டு வெளியே வந்துட்டேன். காத்து பட்டுத்தான் திரும்பினேன். காத்து மட்டும் வரலைன்னா எல்லாம் போயிருக்கும்."

மண்ணாங்கட்டி முன்னால் வந்து, தான்தான் கூப்பிட்டேன் என்றும், தரையைப் பாதியில் விட்டது தன் தப்பு என்றும் சொன்னான்.

"பாத்தேன்" என்றாள் விழிச்சி. "ரெண்டு பேரும் இடத்தைவிட்டு வந்ததைப் பாத்தேன். 'தெற்கு'ன்னு வாயைத் திறந்தேன். கத்தினா கீரிங்க பாதி அங்கே திரும்பும், நாணல் உடைஞ்சிடும். வாயை மூடறதுக்குள்ள நீ பின்னால போயிட்டே. அந்த ஒரு மூச்சு நேரம் எனக்கு எப்படிப் போச்சுன்னு கேக்காதே."

செவலை சிரிக்கப் பார்த்தான். வலித்தது. "நானும் தப்புதான் பண்ணினேன். கத்தித் தொலைச்சேன்" என்றான். "கடிச்சான். கத்தினேன். மறுபடி கடிச்சான். என் கழுத்து அவன் வாய்க்கு நேரே இருக்கு, ஆனா கழுத்தைக் கடிக்கலை. காலையே கடிக்கிறான். ஏன்டா இவன் என்னைக் கொல்லலைன்னு யோசிச்சேன். அப்பத்தான் புரிஞ்சது. நான் கத்தணும்னுதான் கடிக்கிறான். யாரையோ கூப்பிட என் வாயைக் கடன் வாங்கறான். யாரைன்னு தெரியாதா எனக்கு? பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒரு சத்தம் போடலை."

செவலையின் குரல் நின்றதும் அவன் செத்துவிட்டான் என்று ஊசிமுத்து நினைத்தது எவ்வளவு தவறு! அந்த மௌனத்தில் செவலையும் அங்கே தன் வாயையே ஒரு மதகு போல அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

அப்போது கிழ வாத்து தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். அவள் பேர் வானத்தி. பல குளிர்காலமாகக் கூட்டத்தை நடத்தி வருபவள். காயம்பட்டவனின் முன்னால் கழுத்தைத் தாழ்த்தினாள். மேலேயிருந்து வரும்போது நாணல் நடுங்குவதைப் பார்த்ததாகவும், அடுத்த ஏரிக்குப் போகச் சொல்லலாமா என்று யோசித்ததாகவும், ஆனால் குஞ்சுகளுக்குச் சிறகில் வலு இல்லை என்றும் சொன்னாள்.

"அப்புறம் எப்படி இறங்கத் துணிஞ்சீங்க?" என்று விழிச்சி கேட்டாள்.

"மேலேருந்து பாத்தா உங்க முகம் எங்களுக்குத் தெரியாது. முதுகுதான் தெரியும். இங்கே இவ்வளவு பெரிய சண்டை. ஆனா அந்தப் பக்கம் தவளைங்க தண்ணியைத்தான் பாத்துக்கிட்டிருக்கு. இந்தப் பக்கம் குளவி காட்டைத்தான் பாக்குது. மதகுக்குள்ளே எவ்வளவு ஆபத்து இருந்ததுன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா அது அடைச்சிருந்தது. வெளியே நின்ன ஒருத்தரும் தன் பக்கத்தை விட்டுட்டு எங்களைப் பாக்கலை. அதைப் பாத்த பிறகு எங்களுக்கு என்ன பயம்?" என்றாள் வானத்தி.

காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருடைய நெஞ்சும் கொஞ்சம் நிமிர்ந்தது. தவளைகளுக்குக்கூட.

கீரிகள் அன்று சண்டைக் கதை சொல்லவில்லை. செவலை தலையை மட்டும் தூக்கி, "டேய் ஊசி, நீதானே பாத்தே? அவங்க எப்படி இறங்கினாங்க? சொல்லு" என்றான்.

எல்லாக் கீரிகளும் நெருங்கி வந்து உட்கார்ந்தன. மண்ணாங்கட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஊசிமுத்து செவலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாய்ந்த வெயிலில் அந்த முதல் சிறகு வளைந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினான்.

தோழனுக்காக ஓடுவது அன்புதான். ஆனால் தோழன் நம்பி விட்டுப்போன இடத்தை விட்டு ஓடாமல் நிற்பது அதைவிடப் பெரிய அன்பு.